அயனம்பாக்கத்துக் கபடிப் பெண்ணும் எங்கள் ஆய்வு மையமும்

எங்கள் மையத்தின் பெயர் நீளமானது. விளையாட்டு, உடல்நலம், சமூகம் மூன்றும் அதில் வரும். பலகை எழுதிய பெயின்டர் இடத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணாததால் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் இயக்குநரும் அவருடைய புத்தகங்களும். இன்னொன்றில் எடைமேடை, உயரம் பார்க்கும் கம்பம், ரத்த அழுத்தக் கருவி, ஏறி இறங்க ஒரு மரப்பெட்டி, அந்தப் பெட்டிக்குத் தாளம் போட ஒரு டிக்டிக் கருவி. மருந்து என்று ஒரு மாத்திரைகூட அங்கே கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். உடற்கல்வியில் மேல்படிப்பு முடித்திருந்தேன். வீடு பூந்தமல்லியில். அந்தப் பக்கத்துப் பெண் என்பதாலேயே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பெண்கள் கபடி அணிகளை என்னிடம் கொடுத்தார்கள். கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிற வீடுகளிலிருந்து விளையாட வரும் பெண்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், யார் அனுப்புகிறார்கள், யார் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. இயக்குநர் இதை உண்மையாகவே நம்பினார். "மெடல் வாங்குறவங்கள எல்லாரும் பாக்குறாங்க. பாதியில போனவங்க எங்க போனாங்கன்னு நாமதான் பாக்கணும்" என்பார். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

அயனம்பாக்கத்தில் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு பொட்டல் உண்டு. மழைக்காலத்தில் பாதி சேறாகிவிடும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் பெண்கள் அணி ஒன்றை வைத்திருந்தார். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்த பெண்கள் பாவாடையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த டிரவுசரோடு களத்தில் இறங்குவார்கள். அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன்.

அவளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். ஒல்லி. பிளஸ் டூ முடித்துவிட்டு அம்மா வேலை பார்த்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தாள். அப்பா வேறொரு குடும்பத்தோடு போய் நாளாகியிருந்தது. அவள் ரெய்டு போவதைப் பார்ப்பதற்கென்றே கரைமேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் கபடி கபடி என்று இழுத்துப் பாடி, ஆளை ஆழம் பார்த்து, நேரம் எடுத்துக்கொண்டு தொடுவார்கள். இவள் கோட்டைத் தாண்டுவதும் தெரியாது, தொட்டுவிட்டுத் திரும்புவதும் தெரியாது. காக்கை வந்து வடையைக் கொத்திக்கொண்டு போகிற மாதிரி முடிந்துவிடும். திரும்பி வந்ததும் ஓரமாகக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடுத்த முறை கூப்பிடும் வரை யாரோடும் பேசமாட்டாள். திமிர் என்று சிலர் சொல்வார்கள்.

"மெட்ராஸ்ல இந்த வேகத்துக்கு ஆளு கெடையாது டீச்சர். கோடையில டிபார்ட்மென்டு செலக்ஷன் கீது. இவ எடுத்துருவா. வேலையோட ஆடலாம்" என்றார் மாஸ்டர். அரசுத் துறை ஒன்று பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. அந்தப் பொட்டலில் ஆடிய எல்லாருக்கும் அதுதான் கனவு.

ஒரு சனிக்கிழமை அந்த அணியை மையத்துக்கு அழைத்துப்போனேன். பெண்கள் பேருந்தில் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியாக மரப்பெட்டியில் ஏறி இறங்கினார்கள். முடிந்ததும் உட்காரவைத்து நாடி பார்ப்பேன். எல்லாருக்கும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிட்டது. அவளுக்குத் தணியவில்லை. மணிக்கட்டில் என் விரலுக்கடியில் அது குதித்துக்கொண்டே இருந்தது. உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. சரியாகச் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று நினைத்தேன். பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் அப்படியே.

வாரத்தில் இரண்டு நாள் மையத்துக்கு வரும் டாக்டரம்மா அன்றைக்கு இருந்தார். ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தவர் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மறுபடி கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு சாதாரணமாக விசாரிப்பது போல, "சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிச்சாம்மா?" என்றார்.

"ஆமா. நாலாவது படிக்கசொல்லோ. நடக்க முடியாம ஊட்டுலயே கெடந்தேன். எண்ணெ தேச்சாங்க, போயிடுச்சு."

"மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் வாங்கும்தான டாக்டர்" என்றாள்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா என்னிடம் சொன்னார். தொண்டைப் புண்ணோடு வந்த காய்ச்சல் அது. மூட்டு வீக்கம் தானாகப் போய்விடும். பாதிப்பு இதயத்து வால்வில் மட்டும் தங்கிவிடும். வருஷக்கணக்கில் அந்த வாசல் சுருங்கிக்கொண்டே வரும். அப்போதே ஊசி போட்டிருந்தால் ஒன்றுமில்லை. "இந்தப் பொண்ணு எப்படி கபடி ஆடுது? அதுவே மூச்சடக்குற ஆட்டமாச்சே" என்றார்.

அவள் ஏன் அப்படி மின்னலாய்ப் போய்த் திரும்பினாள் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. நின்று பாட அவளிடம் மூச்சு இல்லை. இருந்த கொஞ்சத்துக்குள் முடித்துக்கொண்டு ஓடிவரக் கற்றிருந்தாள். கரைமேல் உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் கைதட்டியது அதற்குத்தான்.

அடுத்த வாரம் அவளையும் அவள் அம்மாவையும் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நாள் முழுவதும் வரிசையில் உட்கார்ந்து எக்ஸ்ரே எடுத்தோம், ஈ.சி.ஜி. எடுத்தோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். விலாப் பக்கம் திறந்து வால்வை விரித்துவிட வேண்டும், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர், மழைக்காலத்துக்கு முன்னால் கூப்பிடுவோம், அதுவரை ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, விளையாட்டு என்ற பேச்சே கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அவ்ளோ மெஷின் வெச்சிக்கிறீங்களே டீச்சர். உங்க எடத்துல இதுக்கு ஒரு மருந்து இல்லியா?"

"எங்களுது ஆஸ்பத்திரி இல்லம்மா. நாங்க அளந்து பாக்குறதோட சரி."

"கண்டுபுடிக்கத் தெரியுது. கொணப்படுத்தத் தெரியாதா?" குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

திரும்பும் பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணா நகர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, மாஸ்டருக்குத் தெரியக்கூடாது. செலக்ஷன் முடியட்டும். அப்பால நீங்க சொல்ற எடத்துக்கு வரேன். கட் பண்ணுங்க, தைங்க, இன்னா வோணும்னாலும் பண்ணிக்கோங்க."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"இத்தினி நாளா ஆவலியே. இன்னும் கொஞ்ச நாள்தான். வேலை கெடச்சிட்டா அவங்களே லீவு குடுத்து ஆபரேஷனுக்கு அனுப்புவாங்களாம். இப்ப படுத்தேன்னா கம்பெனியிலயும் வெச்சிக்க மாட்டாங்க, டீம்லயும் வெச்சிக்க மாட்டாங்க."

அவள் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மாஸ்டரிடம் சொல்லிவிடலாமா என்று இயக்குநரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணுக்குச் சொந்தம். அவகிட்ட சொல்லியாச்சு, அவங்க அம்மாகிட்ட சொல்லியாச்சு. கோச்சுகிட்டயோ செலக்ஷன் கமிட்டிகிட்டயோ போய்ச் சொல்ல நமக்கு உரிமை இல்ல. சொன்னோம்னா நாளைக்கு ஒரு பொண்ணும் நம்மள நம்பி உள்ள வரமாட்டா" என்றார். அவர் சொன்னது தப்பென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் சாயங்காலங்களில் அயனம்பாக்கம் போய் அந்தப் பொட்டல் ஓரமாக நின்றதுதான். அவள் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் என் மூச்சு நின்று போகும். திரும்பி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போல லேசாகத் தலையாட்டுவாள். ஆடாதே என்று ஒருநாள் சொன்னேன். "நீங்க வந்து நின்னா மாஸ்டர் இன்னா ஏதுன்னு கேக்குறாரு அக்கா. வராதீங்க" என்றாள். வந்து நிற்பதைக்கூட நிறுத்த வேண்டியதாயிற்று.

செலக்ஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாதா கோயில் பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா வாசலில் வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்த முகம் வெளிறிக் கிடந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள். தகரக் கூரை போட்ட சின்னச் சபை. ஆராதனை முடியும் நேரத்தில் ஜெபத்துக்குத் தேவையுள்ளவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்பார். மகள் பின்வரிசையில் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாளாம். அம்மா ஆராதனைக்கு முன்பே பாஸ்டரைத் தனியாகப் பார்த்து மெல்லச் சொல்லியிருக்கிறாள். அவர் நல்ல மனிதர், மனம் உருகிவிட்டது. மைக்கைப் பிடித்து, நமது சபையின் விளையாட்டு வீராங்கனை, நம் சின்னத் தங்கச்சியின் இருதயத்துக்காக எல்லோரும் கைகளை உயர்த்துவோம், டாக்டர்கள் கைவிட்ட இருதயத்தைக் கர்த்தர் தொடுவாராக என்று உரக்க ஜெபித்துவிட்டார். சபையே அழுதிருக்கிறது. முன்வரிசையில் மாஸ்டரின் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"நான் கடவுள்கிட்டதான் கேக்கப் போனேன் டீச்சர்" என்றாள் அம்மா. "நீங்களும் மருந்து இல்லைன்னுட்டீங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்பால வான்னுட்டாங்க. வேற யார்கிட்ட கேப்பேன்."

"பாஸ்டர் எப்படித் தெரிஞ்சுகிட்டாருன்னு உங்க பொண்ணு கேக்கலையா?"

"நீங்க சொல்லிக்கிறீங்கன்னு நெனச்சிகினு கீறா. நான் ஒண்ணும் சொல்லல." டம்ளரைக் கீழே வைத்தாள். "நான்தான்னு தெரிஞ்சா என்னாண்ட மூஞ்சி குடுத்துப் பேசமாட்டா டீச்சர். எனக்கு வேற யாரு கீறாங்க."

மறுநாளே மாஸ்டர் அவள் வீட்டுக்குப் போய்விட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லையாம். "இன்னாம்மா இது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாளைக்கு கிரவுண்டுல உழுந்தா நான் உங்கம்மாவுக்கு இன்னா பதில் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, அணியிலிருந்து அவளை எடுத்துவிட்டதாகத் தெரிவித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அவள் மையத்துக்கே வந்தாள். எனக்கு எதிரில் உட்காரவில்லை. மரப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசினாள்.

"உங்கள நம்பிதான அக்கா இங்க வந்தேன். நெஞ்சைத் தொறந்து காட்டுனேன். நீங்க போய் பாஸ்டர்கிட்ட சொல்லிக்கினு வந்துட்டீங்களே."

நான் சொல்லவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பது. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் வீட்டில் அவளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆபரேஷனுக்கு மட்டும் வந்துடு. உன் கால்ல வேணாலும் விழறேன்" என்றேன்.

"எதுக்கு? பேக்கிங் பண்றதுக்கு இந்த நெஞ்சே போதும்" என்றாள். போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் போகவில்லை. நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். முதல் முறை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இல்லையென்று சொல்லச் சொன்னாள். குரல் எனக்குக் கேட்டது. இரண்டாம் முறை அம்மாவே தெருமுனையில் என்னை நிறுத்தி, "வராதீங்க டீச்சர், உங்களப் பாத்தா சோறு துன்ன மாட்றா" என்றாள். டாக்டரம்மா தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். பதில் இல்லை.

ஆய்வு முடிந்தது. அறிக்கை எழுதினோம். அந்த வட்டாரத்துப் பெண்கள் ஏன் விளையாட்டை விடுகிறார்கள் என்பதற்குத் திருமணம், ஷிப்ட் வேலை, சத்துக்குறைவு என்று காரணங்கள் போட்டு, கடைசியில் 'உடல்நலக் காரணம்: ஒருவர்' என்று ஒரு வரி. இயக்குநர் அந்த அறிக்கையை எங்கெங்கோ கொண்டுபோய் வாசித்தார். பெண்கள் அணிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அதில் எழுதியிருந்தோம். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. செய்யவும் இல்லை. அடுத்த கட்டத்துக்கு நிதி வரவில்லை. கள ஆய்வாளர்களை நிறுத்தினார்கள். நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, வாட்ச்மேன் வந்து யாரோ அம்மா தேடுகிறார்கள் என்றார். அவள் அம்மாதான். முடி நரைத்திருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி காட்டுப்பாக்கத்தில் இருக்கிறாளாம். ஏழாம் மாதம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், காலெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. பக்கத்து நர்சிங் ஹோமில் பிள்ளை வயிற்றில் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்றார்களாம்.

நான் விசிலைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பேசவும் முடியவில்லை. ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்துக் கொண்டுவந்தாள். புருஷன் டெம்போ ஓட்டுகிறவன். அவனே வண்டியை எடுத்தான். தெருமுனைக் கடையிலிருந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நல்லவேளை வீட்டில் இருந்தார். பெரியாஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு ஆளை நிற்கவைத்தார்.

அன்றிரவே வலி கண்டு குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. விடிவதற்குள் போய்விட்டது. அவள் பிழைத்தாள். உடம்பு கொஞ்சம் தேறியபின், தொடை வழியாகக் குழாய் விட்டு, சின்னப் பலூன் ஒன்றை ஊதி வால்வை விரித்தார்கள். விலாவைத் திறக்கவேண்டிய அவசியம் இப்போது இல்லையாம்.

வார்டுக்கு வெளியே நடைபாதையில் புருஷன் என்னிடம் கேட்டான். "அவளுக்கு நெஞ்சுல கோளாறுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

தெரியும் என்றேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லல. சொன்னா வேணாம்னு பூடுவேன்னு நெனச்சாங்களா?" சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருமுறை ஊரறியச் சொன்னதில் அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை போனது. அதற்குப் பயந்து அடுத்த முறை மறைத்ததில் இது. எங்கே சொல்லியிருக்க வேண்டும், எங்கே வாயை மூடியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பலூன் வைத்த மறுநாள் அவளுக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். அவள் கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அக்கா, அன்னிக்கு பாஸ்டர்கிட்ட அம்மாதான் சொல்லுச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

தோலைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அதாண்ட சண்டை போட்டுக்கினு நான் எந்த ஊட்டுக்குப் போறது? அதான் உங்க மேல போட்டேன். நீங்களும் ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கினு இருந்தீங்க."

"அம்மாகிட்ட சொன்னியா, உனக்குத் தெரியும்னு?"

"வேணாம். அது தாங்காது."

அம்மா படியேறி வந்துவிட்டாள். பேச்சை நிறுத்திக்கொண்டோம். சாத்துக்குடிச் சுளைகளை என்னிடமிருந்து வாங்கி, ஒன்றை அம்மா கையில் வைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடவேண்டும், விடவே கூடாது, மறுபடி காய்ச்சல் வந்தால் வால்வு மறுபடி சுருங்கும் என்றார்கள். நாலாம் வகுப்பில் போட்டிருக்க வேண்டிய அதே ஊசி. குழந்தைக்கு இனி முயற்சி செய்யலாமா என்று புருஷன் கேட்டான். இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

முதலில் சில மாதம் நான்தான் அவளை ஊசிக்கு அழைத்துப்போனேன். காட்டுப்பாக்கத்தில் அந்த மருந்து பாதி நாள் இருக்காது. பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒவ்வொரு மெடிக்கல் ஷாப்பாக ஏறி இறங்குவேன். இல்லை டீச்சர், கம்பெனியிலேயே வரலை, விலை கம்மி மருந்து, யாரும் ஸ்டாக் வைக்கமாட்டாங்க என்பார்கள். சில நாள் போரூரில் கிடைக்கும். ஒருமுறை எங்குமே கிடைக்காமல் வெறுங்கையோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து என் கையைப் பார்த்தாள். பிறகு டீ போட உள்ளே போனாள்.

அந்த வருஷக் கடைசியில் புருஷனுக்குத் திருவள்ளூர் தாண்டி ஒரு செங்கல் சூளையில் லோடு ஓட்டும் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே போனார்கள். அம்மாவும் கூடப் போனாள். அவள் வேலை செய்த கம்பெனியை அதற்குள் மூடியிருந்தார்கள். விலாசம் எழுதி அனுப்புகிறேன் என்றாள் மகள். அங்கே ஊசி போட ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கும் அக்கா, விசாரிச்சுக்கிறேன் என்றாள். டெம்போவில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனவளை அப்புறம் நான் பார்க்கவில்லை. விலாசம் வரவில்லை. டாக்டரம்மா சில வருஷம் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளைப் பற்றிக் கேட்பார். தெரியவில்லை டாக்டர் என்பேன். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.